பரிணாமம்: பால் தயிரான கதை அல்ல

முதலில் ஓர் எழுத்துப் பிழையைத் தள்ளி வைப்போம். 'பரிமாண வளர்ச்சி' என்று ஒன்று கிடையாது. பரிமாணம் என்றால் அளவு. முப்பரிமாணம் என்கிறோமே, அது. உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறிவருவதைக் குறிக்கும் சொல் பரிணாமம். ஒலி நெருக்கத்தால் நாக்கு புரளுகிறது, அச்சிலும் புரளுகிறது. திருத்துவது எளிது: ணகரம் முன்னே, மகரம் பின்னே.

சொல்லைச் சரியாக எழுதிய பிறகும் அதற்குள் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் பழைய பொருள் ஒன்று உண்டு. அதை எழுப்பி அனுப்புவதுதான் பெரும்பாடு.

பரிணாமத்தின் வேர் வடமொழியில் 'நம்'. வளைதல், குனிதல் என்று பொருள். நமஸ்காரத்தில் இருப்பதும் இந்த 'நம்'தான். 'பரி' என்ற முன்னொட்டோடு சேர்ந்தபோது வளைந்து திரும்புதல், ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுதல், கனிதல், செரித்தல் என்று பொருள் கிளைத்தது. உண்டது செரிக்கும் வேளையில் வரும் வயிற்றுவலிக்கு ஆயுர்வேதத்தில் பரிணாம சூலை என்று பெயர். இந்தியில் இதே சொல்லுக்கு விளைவு, முடிவு என்று பொருள்; தேர்வு முடிவுகூட அங்கே 'பரிணாம்'தான். உயிரியல் கருத்துக்கு இந்தி 'விகாஸ்' பக்கம் போய்விட்டது. தெலுங்கும் மலையாளமும் சிங்களமும் தமிழும் பரிணாமத்தைப் பிடித்துக்கொண்டன.

இந்தச் சொல் தன் முழு எடையைப் பெற்றது, பழைய இந்தியத் தத்துவங்களில் ஒன்றான சாங்கியத்தில். மூலப்பொருளாகிய பிரகிருதிதான் உலகமாக மாறுகிறது. இல்லாதது எதுவும் புதிதாகப் பிறப்பதில்லை. காரணத்துக்குள் ஒளிந்திருந்த காரியம் வெளிப்படுகிறது. இதுதான் பரிணாமவாதம். வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு, பால் தயிராதல். பாலுக்குள் தயிர் ஏற்கெனவே இருக்கிறது, உறைந்ததும் தெரியவருகிறது. தயிரான பிறகு பால் இல்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். "குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இப்போது ஏன் குரங்குகள் இருக்கின்றன?" என்று யாராவது கேட்டால் நாம் சிரிக்கிறோம். கேட்டவர் முட்டாளல்ல. பால் தயிராகிவிட்டதென்றால் பானையில் இன்னும் பால் எப்படி என்கிறார். சொல் கற்றுக்கொடுத்த தர்க்கத்தை அவர் ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறார். தவறு சொல்லுக்குள் இருக்கிறது.

உயிரியல் பேசும் மாற்றத்தில் எந்தத் தனி உயிரும் இன்னோர் உயிராக உறைவதில்லை. மனிதர்களும் சிம்பன்சிகளும் சுமார் 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரே மூதாதைக் கூட்டத்திலிருந்து பிரிந்த இரண்டு கிளைகள். சிம்பன்சி நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி. பங்காளி உயிரோடு இருப்பதில் வியப்பென்ன?

இங்கிலாந்தின் புள்ளி அந்துப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிறிய சிறகில் கரும்புள்ளிகள் தூவியதுபோல் இருக்கும் பூச்சி. 1848-ல் மான்செஸ்டரில் முழுக் கறுப்பாக ஒன்று பிடிபட்டது பதிவாகியிருக்கிறது. 1895 வாக்கில் அந்த ஊரில் ஏறத்தாழ 98 விழுக்காடு கறுப்புதான். ஆலைப் புகையால் மரப்பட்டைகள் கருத்துவிட்டன. வெளிறிய பூச்சி பறவைகளின் கண்ணில் பட்டது, கறுப்பு தப்பித்தது. 1956-ல் காற்றைத் தூய்மையாக்கச் சட்டம் வந்து, பட்டைகள் மெல்ல மீண்டும் வெளுத்தபோது கணக்கு தலைகீழானது. இத்தனைக்கும் நடுவே எந்தப் பூச்சியும் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வெளிறியது வெளிறியதாகவே பிறந்து செத்தது. மாறியது கூட்டத்தில் இரண்டுக்கும் இருந்த விகிதம். அதுதான் பரிணாமம்: ஒரு கூட்டத்தில், மரபாகக் கடத்தப்படும் பண்புகளின் பங்கு தலைமுறைதோறும் மாறுவது.

நம் சொல்லுக்கு மட்டும்தான் இந்தக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். மேலைநாட்டார் சொல்லான எவலூஷனின் இலத்தீன் மூலத்துக்கு, சுருட்டி வைத்த ஏட்டை விரித்தல் என்று பொருள். விரிக்கும்போது தெரிவதெல்லாம் முன்பே எழுதப்பட்டவை. 18-ஆம் நூற்றாண்டில் ஹாலர், போனே போன்ற இயற்கை ஆய்வாளர்கள் இந்தச் சொல்லைக் கருவளர்ச்சிக்குப் பயன்படுத்தினார்கள். முழு உயிரும் குறு உருவில் முன்பே அமைந்திருக்கிறது, கருவில் அது விரிகிறது என்பது அவர்கள் கொள்கை. பாலுக்குள் தயிர், சுருளுக்குள் எழுத்து! ஒன்றையொன்று பார்க்காத இரண்டு சொற்கள் ஒரே கருத்தைச் சுமந்துகொண்டு உயிரியலுக்குள் நுழைந்திருக்கின்றன. சார்லஸ் டார்வின் 1859-ல் தன் நூலை வெளியிட்டபோது எவலூஷன் என்ற பெயர்ச்சொல்லை அதில் பயன்படுத்தவில்லை. அதன் வினைவடிவம் ஒன்று மட்டும் நூலின் கடைசிச் சொல்லாக வருகிறது. அவர் விரும்பி எழுதிய தொடரைத் தமிழில் 'திரிபோடு கூடிய வழித்தோன்றல்' எனலாம். 1872-ன் ஆறாம் பதிப்பில்தான் எவலூஷன் உள்ளே வந்தது. அதற்குள் உலகம் அந்தப் பெயரைச் சூட்டி முடித்திருந்தது.

தமிழில் நாம் இன்னொரு சுமையும் ஏற்றினோம். பரிணாமத்தோடு 'வளர்ச்சி' ஒட்டிக்கொண்டது. பரிணாம வளர்ச்சி என்றதும் ஏணி ஒன்று கண்முன் நிற்கிறது: கீழ்ப்படியில் பாக்டீரியா, மேல்படியில் நாம். 'சிறந்த நடிகராகப் பரிணமித்தார்' என்று எழுதும் பழக்கம் இந்த ஏணியை இன்னும் உறுதியாக நட்டுவிட்டது. ஆனால் மெக்சிகோவின் குகைகளில், இருட்டிலேயே வாழ்ந்த மீன்கள் கண்ணை இழந்தன. நாடாப்புழுவுக்குக் குடலே கிடையாது. இரண்டும் பரிணாமம்தான், இவற்றில் வளர்ந்தது என்ன?

வகைப்பாட்டுப் பாடத்தில் வரும் 'உயர் உயிரிகள், தாழ் உயிரிகள்' என்ற பேச்சும் அந்த ஏணியின் மிச்சம். 1735-ல் உயிர்களை அடுக்கத் தொடங்கிய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸுக்கு இனங்கள் மாறாதவை. அவருடைய பெட்டிகளில் காலம் கிடையாது. இன்று நாம் வரைவது கிளைக்கும் மரம். அந்த மரத்தில் இன்று உயிரோடிருக்கும் எல்லாமே நுனிகள்தான். 1977-ல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் கார்ல் வோஸ், பாக்டீரியா என்று நினைத்திருந்த ஒரு பெருங்கூட்டம் உண்மையில் தனிக் கிளை என்று காட்டினார். ஆர்க்கியா என்று இன்று சொல்கிறோம். பார்வைக்கு ஒன்றுபோலிருந்த குட்டி உயிர்களுக்கிடையே அவ்வளவு ஆழமான பிளவு. பாக்டீரியா நம்மைப் போலவே 350 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு கொண்டது. அது படியில் நின்றுபோன உயிர் அல்ல.

சரி, தமிழ்ச்சொல்?

படிவளர்ச்சி என்கிறார்கள். பரிணாமத்தை எடுத்துவிட்டு ஏணியை மட்டும் வைத்துக்கொண்ட சொல் இது. படிமலர்ச்சி அழகாக இருக்கிறது, ஆனால் மொட்டுக்குள் பூ ஏற்கெனவே இருக்கிறது. மறுபடியும் பால், தயிர். இந்த 'முன்பே இருக்கிறது' ஏன் ஆகாது என்பதற்கு அமெரிக்க உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கியின் சோதனை போதும். 1988-ல் ஒரே ஈ.கோலி பாக்டீரியாவின் வழிவந்த 12 கூட்டங்களைத் தனித்தனியே வளர்க்கத் தொடங்கினார். சோதனை 75,000 தலைமுறைகளைத் தாண்டிவிட்டது. ஏறத்தாழ 31,500-ஆவது தலைமுறையில், ஒரே ஒரு கூட்டம் மட்டும், காற்றுள்ள சூழலில், ஈ.கோலி வழக்கமாக உண்ண முடியாத சிட்ரேட் என்ற சேர்மத்தை உணவாக்கக் கற்றது. 500 தலைமுறைக்கு ஒருமுறை உறையவைத்திருந்த முன்னோர்களை எழுப்பி மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். 20,000-ஆவது தலைமுறைக்குப் பிந்தைய முன்னோரிடமிருந்து மட்டும் அந்தத் திறன் மீண்டும் வந்தது. இடையில் தற்செயலாக நிகழ்ந்த ஏதோவொரு மாற்றம் வழியைத் திறந்திருக்கிறது. எல்லா மொட்டிலும் அந்தப் பூ இல்லை.

மூன்றாவது, கூர்ப்பு. இலங்கைப் பாடநூல்களில் பரிணாமத்துக்கு நிலைத்த சொல் இது. தொல்காப்பியத்தின் உரியியலில் 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்' என்று வருகிறது: இருப்பது மிகுதிப்படுவதை இவ்விரு சொற்களும் உணர்த்தும். இன்றைக்கும் 'அன்புகூர்ந்து' என்று எழுதுகிறோம், 'நினைவுகூர்தல்' என்கிறோம், அந்தக் கூர்தான். இதை வைத்துக்கொண்டு, தொல்காப்பியர் டார்வினை முந்திவிட்டார் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அந்த நூற்பா சொற்பொருள் சொல்கிறது. அதில் உயிரியல் இல்லை. 'கழிவு'க்கும் அங்கே மிகுதி என்றுதான் பொருள், கழிபேருவகை என்பதில்போல.

'சிறக்கும்' என்பதில் முன்னேற்ற வாசனை வருகிறதே என்றால், வருகிறதுதான். ஆனாலும் எனக்குக் கூர்ப்பு பிடிக்கிறது. சிறு சொல். கூர்தல், கூர்ந்தது, கூர்ப்பியல் என்று வளைகிறது. தவிர, கத்தி கூராவது உலோகம் சேர்வதால் அல்ல, தேய்வதால். இயற்கைத் தேர்வின் வேலையும் பெரும்பாலும் தேய்ப்புதான்: இருப்பவற்றில் சில போய்விட, மிஞ்சியது அந்த இடத்துக்குப் பொருந்துகிறது. நானாக ஏற்றிச் சொல்லும் விளக்கம் இது. ஆனால் ஒரு சொல் இத்தகைய நல்ல படத்துக்கு இடம் கொடுத்தால் அதைப் பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை.

துணைச்சொற்களில்தான் தமிழ் எதிர்பாராமல் பொருந்திவிடுகிறது. மரபணுவில் நிகழும் மாற்றத்துக்குத் தமிழகப் பாடநூல்கள் சடுதிமாற்றம் என்கின்றன. 'சடுதி' எங்கிருந்து வந்தது? 1901-ல் டச்சுத் தாவரவியலாளர் ஹ்யூகோ டி விரீஸ், புதிய இனங்கள் ஒரே தாவலில் தோன்றுகின்றன என்று வாதிட்டபோது பரவிய கருத்தின் நிழல் அதில் இருக்கிறது. உண்மையில் பெரும்பாலான மாற்றங்கள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. இலங்கையில் இதற்கு விகாரம் என்பார்கள். பேச்சு வழக்கில் விகாரம் என்றால் அசிங்கம். ஆனால் இலக்கணம் படித்தவர்களுக்கு வேறு நினைவு வரும். 'தோன்றல் திரிதல் கெடுதல் விகாரம்' என்பது நன்னூல். இரண்டு சொற்கள் புணரும்போது ஓர் எழுத்து புதிதாகத் தோன்றலாம்: பூங்கொடி. ஒன்று இன்னொன்றாகத் திரியலாம்: பொற்குடம். இருந்தது கெடலாம்: மரவேர்.

டிஎன்ஏ நான்கு எழுத்துகளில் எழுதப்பட்ட நீண்ட சரம். அதைப் படியெடுக்கும்போது வரும் பிழைகளிலும் அடிப்படையானவை இந்த மூன்றுதான். அரிவாள் செல் சோகை, ஹீமோகுளோபின் மரபணுவில் ஓர் ஏ எழுத்து டி எழுத்தாகத் திரிந்ததால் வருவது. நுரையீரலைத் தாக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்கள் பலரிடம் காண்பது மூன்று எழுத்துகள் கெட்ட ஒரு விகாரம். தோன்றலுக்கு நம் அந்துப்பூச்சியையே கூப்பிடலாம்: அதன் கறுப்புக்குக் காரணம், ஒரு மரபணுவின் நடுவே சுமார் 22,000 எழுத்துகள் நீளமுள்ள துண்டொன்று வந்து செருகிக்கொண்டது என்று 2016-ல் கண்டுபிடித்தார்கள். வைரஸ்களுக்கு 'உருமாறிய வைரஸ்' என்று செய்திகளில் எழுதினார்கள். வைரஸ் ஏதோ மாறுவேடம் போட்டதுபோல். கூடவே புழங்கிய 'திரிபு'தான் சரியான சொல். டெல்டா திரிபு, ஒமைக்ரான் திரிபு. படியெடுத்ததில் எழுத்துத் திரிந்தது, அவ்வளவே. வைரஸுக்கு எந்தத் திட்டமும் இல்லை.

திட்டமில்லை என்பதை பாக்டீரியாவையும் வைரஸையும் மோதவிட்டே நிறுவியிருக்கிறார்கள். 1943-ல் லூரியா, டெல்புரூக் என்ற இரு அறிவியலாளர்கள் ஈ.கோலியைப் பல குழாய்களில் தனித்தனியே வளர்த்து, அதைக் கொல்லும் வைரஸ் பூசிய தட்டுகளில் ஊற்றினார்கள். வைரஸைக் கண்ட பிறகுதான் பாக்டீரியா எதிர்ப்பைக் கற்கிறது என்றால் எல்லாத் தட்டிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் தப்பியிருக்க வேண்டும். நடந்தது வேறு. பல தட்டுகளில் ஒன்றுமில்லை, சிலவற்றில் நூற்றுக்கும் மேல். அந்தச் சில குழாய்களில் விகாரம் முன்கூட்டியே, வைரஸை அறியாமலே நிகழ்ந்து, அதன் பிள்ளைகள் பெருகிவிட்டிருந்தன. 'கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது' என்று நாம் சொல்வது அதனால்தான் தவறு. பழகவில்லை. பழகவே தேவையில்லாத சில கிருமிகள் முன்பே இருந்தன. மருந்து மற்றவற்றை அப்புறப்படுத்தி இடம் செய்துகொடுத்தது.

இந்த இடத்துக்குத் தமிழில் 'தக்கன பிழைத்தல்' என்ற தொடர் உண்டு. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864-ல் உருவாக்கிய தொடருக்கு நம்மவர் கண்ட தமிழ். 'வலியன' என்று போடாமல் 'தக்கன' என்று போட்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்துப்பூச்சியின் கறுப்பு வலிமையல்ல, பட்டைக்குத் தக்கது. பிழைத்தல் இன்னும் நயமானது. உயிர் தப்புவதும் பிழைத்தல், தவறுவதும் பிழைத்தல். படியெடுப்பில் பிழைத்ததுதான் பிறகு பிழைக்கிறது. இந்த இரட்டைப் பொருள் தற்செயலாக வாய்த்தது, பரிணாமத்தில் பலவும் வாய்ப்பதுபோல்.

எழுதும்போது என்ன செய்யலாம்? கூர்ப்பு பழகாத வாசகருக்குப் பரிணாமமே போதும். வேரில் இருக்கும் தயிரை எல்லாரும் சுவைத்துக்கொண்டிருக்கப் போவதில்லை. 'வளர்ச்சி'யை மட்டும் வெட்டிவிடுங்கள். வாக்கியத்தில் எழுவாயைக் கூட்டமாக வையுங்கள். 'குரங்கு பரிணாம வளர்ச்சி அடைந்து மனிதனானது' என்பதை நான் இப்படி மாற்றுவேன்: 'ஒரு மூதாதைக் கூட்டத்தின் வழித்தோன்றல்கள் கிளைத்துத் திரிந்தன; ஒரு கிளையில் சிம்பன்சிகள், இன்னொன்றில் மனிதர்கள்.' கொஞ்சம் நீளம்தான். ஆனால் இதைப் படிப்பவர் பால் எங்கே போயிற்று என்று கேட்க மாட்டார்.