சைக்கோபயாட்டிக்: இந்தச் சொல்லின் பொருள் என்ன, தமிழில் எப்படிச் சொல்லலாம்?

மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்துவரும் தோழி ஒருத்தி போன மாதம் ஒரு மாத்திரை டப்பாவைப் படம் எடுத்து அனுப்பினாள். உறவினர் யாரோ வாங்கிக் கொடுத்ததாம். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'சைக்கோபயாட்டிக்' என்று இருந்தது. படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி: "சைக்கோன்னு போட்டிருக்கே, அப்ப நான் சைக்கோவா?"

தமிழ்ப் பேச்சில் 'சைக்கோ' எப்படி விழும் என்று நம் எல்லோருக்கும் தெரியும், அது வசவு, கொலைகாரனுக்கும் கிறுக்கனுக்கும் பொதுவாக வைத்திருக்கும் பெயர், ஏற்கெனவே நொந்துபோயிருக்கிற ஒருத்தியின் கையில் அதை எழுதிக் கொடுப்பது எனக்குக் கொஞ்சமும் பொறுக்கவில்லை. சொல்லுக்குள்ளே அப்படி எதுவும் இல்லை என்பதுதான் வருத்தமே.

பிரித்துப் பார்க்கலாம். இரண்டு துண்டுமே கிரேக்கம். 'சைக்கி' என்றால் முதலில் மூச்சு, அப்புறம் உயிர், ஆன்மா, கடைசியாக மனம். தமிழிலும் இந்தத் தடம் உண்டு: 'உயிர்த்தல்' என்றால் பழைய தமிழில் மூச்சுவிடுதல், துயரத்தில் விடும் பெருமூச்சுக்கு 'நெட்டுயிர்ப்பு' என்று பெயர். 'பயோஸ்' என்றால் வாழ்வு, உயிர்வாழ்தல். நுண்ணுயிரை எதிர்ப்பது ஆன்டிபயாட்டிக், உடலுக்குத் துணை நிற்கும் நுண்ணுயிர் புரோபயாட்டிக், அந்த வரிசையில் மனத்துக்குத் துணை நிற்பது சைக்கோபயாட்டிக். அவ்வளவுதான்.

சொல் பிறந்தது 2013இல். அயர்லாந்தில் கார்க் நகரத்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெட் டைனனும் ஜான் கிரையனும் கேத்தரின் ஸ்டான்டனோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் இதை முன்வைத்தார்கள். அவர்கள் கொடுத்த வரையறை ஏறக்குறைய இப்படி: போதிய அளவில் உட்கொண்டால், மனநோயால் அவதிப்படுபவருக்கு நன்மை தருகிற உயிருள்ள நுண்ணுயிரி. இதில் மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன, கவனியுங்கள். உயிரோடு இருக்கவேண்டும், அளவு போதவேண்டும், நோயாளிக்கு நன்மை கிடைக்கவேண்டும். மூன்றாவதைத்தான் காட்டுவது கடினம், விளம்பரம் எழுதுகிறவர்கள் அதைக் காட்டியாகிவிட்டது போலவே எழுதுகிறார்கள்.

எண்ணம் மட்டும் சொல்லைவிட நூறு வருடம் மூத்தது. 1910இல் லண்டன் பெத்லம் மனநல மருத்துவமனையின் மருத்துவர் ஜார்ஜ் போர்ட்டர் பிலிப்ஸ், 'மெலன்கோலியா' என்று அன்றைக்குச் சொல்லப்பட்ட மனச்சோர்வு நோயால் வாடிய 18 பேருக்கு லாக்டிக் அமில பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்தார். 11 பேர் முழுதாகத் தேறினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சோதனை, அதனால் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்த நோயின் பெயரே வயிற்றைத்தான் சுட்டுகிறது: 'மெலஸ்' கருப்பு, 'கோலே' பித்தம், கரும்பித்தம் மிகுந்தால் மனம் இருளும் என்று கிரேக்க வைத்தியர்கள் நம்பினார்கள். நாமும் பித்தம் என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே பித்து, பித்தன் என்ற சொற்களை வைத்திருக்கிறோம், 'பித்தம் தலைக்கேறிவிட்டது' என்கிறோம். பயந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது, பிள்ளைக்கு ஒன்று என்றால் பெற்ற வயிறு எரிகிறது, நல்ல சேதி வந்தால் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது. பேசுகிற மொழிக்கு இந்தத் தொடர்பு புதிதில்லை, சோதனைச்சாலைதான் பின்னால் வருகிறது.

பெயர்க் கதை என்று வந்தால் எனக்கு ரொம்பப் பிடித்தது செரட்டோனின், நரம்புகள் சேதி கடத்தப் பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருள். மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் மூளையில் இதைத்தான் குறிவைக்கின்றன, அதனால் இதை மூளையின் சரக்கு என்றே பலரும் நினைக்கிறார்கள். 1930களில் இத்தாலிய ஆய்வாளர் விட்டோரியோ எர்ஸ்பாமர் செரிமானப் பாதையின் உட்சுவர்ச் செல்களிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, குடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'என்டெரான்' என்பதிலிருந்து 'என்டெரமைன்' என்று பெயர் வைத்தார். 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வேறொரு குழு சீரத்திலிருந்து, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரிலிருந்து, ரத்தக்குழாயைச் சுருக்கும் ஒரு பொருளைப் பிரித்து, சீரம், டானிக் (இங்கே இறுக்கம் தருவது என்று பொருள்) இரண்டையும் ஒட்டி 'செரட்டோனின்' என்றது. இரண்டும் ஒரே பொருள்தான் என்று 1952இல் தெரிந்தது. குடல் பெயர் தோற்றது, ரத்தப் பெயர் நின்றது. ஆனால் உடலின் செரட்டோனினில் 90 சதவீதத்துக்கும் மேல் இன்றைக்கும் குடலில்தான் உருவாகிறது. குடல் பாக்டீரியா அதைத் தூண்டுகிறது என்பதும் 2015இல் எலிகளில் காட்டப்பட்டது.

உடனே 'அப்ப குடலைச் சரிசெய்தால் மூளைக்குச் செரட்டோனின் கிடைத்துவிடும்' என்று தாவவேண்டாம். குடலில் உருவாகும் செரட்டோனின் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பைத் தாண்டாது. சேதி வேறு வழிகளில் போகிறது. ஒரு வழி வேகஸ் நரம்பு. லத்தீனில் அந்தப் பெயருக்கு 'அலைகிறவன்' என்று பொருள், மூளைத்தண்டில் தொடங்கிக் கழுத்து, மார்பு, வயிறு என்று அலைந்து திரிவதால் வந்த பெயர். அதன் இழைகளில் பெரும்பாலானவை கீழேயிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. நோய் எதிர்ப்பு மண்டலம் இன்னொரு வழி, நார்ச்சத்தைப் பாக்டீரியா நொதிக்க வைக்கும்போது உண்டாகும் கொழுப்பு அமிலங்கள் வேறொரு வழி.

இனி அந்த டப்பாவின் பின்பக்கத்துக்கு வருகிறேன், தோழியிடம் அதையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். பொடி எழுத்தில் 'லாக்டோபேசிலஸ் ரம்னோசஸ்' என்று இருந்தது. முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம், அதற்கப்புறம் எந்த உள்வகை என்று காட்டும் எழுத்தும் எண்ணும் வரவேண்டும். அந்த இடம் காலி. அது ஏன் முக்கியம் என்றால், இதே ரம்னோசஸில் 'ஜேபி-1' என்ற உள்வகையைக் கொடுத்தபோது எலிகளின் பதற்றமும் சோர்வும் குறைந்தன, வேகஸ் நரம்பை வெட்டிவிட்டால் அந்தப் பலன் இல்லாமல் போனது என்று 2011இல் ஒரு ஆய்வு வந்தது. பெரிய பரபரப்பு. அதே ஜேபி-1ஐ ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2017இல் வந்தது, பலன் எதுவும் தெரியவில்லை. எலிக்கு வேலை செய்த அதே உள்வகைக்கே இந்த நிலை என்றால், உள்வகையின் பெயரே போடாத டப்பாவை எதை நம்பி விழுங்குவது?

தொடர்பே இல்லை என்று சொல்லவில்லை. பெல்ஜியத்தில் 1,054 பேரின் குடல் பாக்டீரியாவை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். மனச்சோர்வு உள்ளவர்களிடம் கோப்ரோகாக்கஸ், டயலிஸ்டர் என்ற இரண்டு பேரினங்கள் குறைவாக இருந்தன, அவர்கள் சாப்பிடும் மாத்திரையின் தாக்கத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படியேதான். ஆனால் எது முதலில்? பாக்டீரியா குறைந்ததால் மனம் சோர்ந்ததா, மனம் சோர்ந்து சாப்பாடும் தூக்கமும் கெட்டதால் பாக்டீரியா குறைந்ததா? அதை இந்த ஆய்வு சொல்லாது.

சரி, தமிழுக்கு வருவோம். முதல் சிக்கல் நோயின் பெயரிலேயே இருக்கிறது. டிப்ரஷன் என்பது 'கீழே அழுத்து' என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது, அதைப் பார்த்து மன அழுத்தம் என்று பலர் எழுதுகிறார்கள். ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதே மன அழுத்தம்தான். 'குடல் பாக்டீரியாவும் மன அழுத்தமும்' என்று தலைப்பு வைத்தால் பரீட்சைப் பதற்றமா, மாதக்கணக்கில் எழுந்திருக்க முடியாமல் கிடக்கும் நோயா என்று படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? நான் ஸ்ட்ரெஸ்ஸை மன அழுத்தம் என்றும் டிப்ரஷனை மனச்சோர்வு என்றும் பிரித்தே எழுதுகிறேன். சோர்வு என்றால் வெறும் களைப்பு மாதிரி லேசாகப் படுகிறதே என்ற குறை நியாயமானது, அதனால் தேவைப்படும் இடத்தில் மனச்சோர்வு நோய் என்று போடுகிறேன்.

பாக்டீரியா அப்படியே இருக்கட்டும், எல்லோருக்கும் புரிகிறது, இலங்கையில் பற்றீரியா என்கிறார்கள், அதுவும் நன்றாகவே இருக்கிறது. குடல் பாக்டீரியாக் கூட்டத்தை ஆங்கிலத்தில் குறிக்கும் 'ஃப்ளோரா'வை மட்டும் தாவரம் என்று மாற்றிவிடாதீர்கள். பாக்டீரியாவைச் செடிகொடி இனத்தில் சேர்த்திருந்த காலத்துப் பெயர் அது, குடலுக்குள் தாவரம் எதுவும் முளைக்கவில்லை. குடல் நுண்ணுயிர்த் தொகுதி என்றால் போதும்.

சைக்கோபயாட்டிக்குக்கு என்ன சொல்லலாம்? மனநுண்ணுயிரி என்றால் மனத்துக்குள் குடியிருக்கும் கிருமி போல ஒலிக்கிறது. உளமருந்து நுண்ணுயிரி என்றால் இன்னும் மருந்தாக நிரூபணமாகாத ஒன்றுக்கு மருந்துப் பட்டம் கட்டிவிடுகிறோம். உளவியல், உளநோய் என்று 'சைக்கி'க்கு 'உளம்' ஏற்கெனவே ஊன்றிவிட்டது, 'பயோஸ்' நுண்ணுயிரிக்குள்ளேயே இருக்கிறது. அதனால் என் தேர்வு 'உளநல நுண்ணுயிரி'. 2016இல் சிலர் வரையறையை அகலமாக்கி, அந்தப் பாக்டீரியாவுக்குத் தீனியாகும் நார்ப்பொருள்களையும் இதே பெயருக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு இந்தச் சொல் பொருந்தாது. உயிரில்லாத நாரை உயிரி என்று கூப்பிட முடியாது, அதற்குத் தனிப் பெயர் வைப்பதே முறை.

தோழிக்கு அன்றைக்கு ராத்திரியே பதில் எழுதினேன். "அது சைக்கோ இல்லடி, மூச்சுங்கற அர்த்தத்துல பொறந்த வார்த்தை. உளநல நுண்ணுயிரின்னு படி. நீ சாப்பிடற மாத்திரையை இதுக்காக நிறுத்திடாதே, டப்பாவை எடுத்துக்கிட்டுப் போய் உன் டாக்டர்கிட்ட காட்டு, முன்பக்கம் வேண்டாம், பின்பக்கத்தைக் காட்டு." வியாழக்கிழமை போகிறேன் என்றாள்.