செக்சம் ஒத்துப்போனது, ஆனால் டிஸ்க்கில் இருப்பது வேறு

கேமரா பதிவில் நள்ளிரவு 12 மணிக்கு வெயில் அடித்தது. திரையின் மூலையில் ஓடிய நேரம் மாலை 4:00. ஒரு நாளுக்கு ஒரு ஃபைல், நள்ளிரவில் தொடங்கும், 6 ஜிபி. அதன் தலைப்பகுதியில் சாயங்காலம் எப்படி வந்தது என்று கேட்டு அந்தப் பதிவுப் பெட்டியை என்னிடம் அனுப்பினார்கள். கூடவே, அதில் ஓடும் ஃபைல் சிஸ்டத்தை (ஃபைல்களை டிஸ்க்கில் எங்கே வைப்பது என்று பார்த்துக்கொள்ளும் நிரலை) எழுதியவர்களின் வழக்கமான வரியும் வந்தது: "ஃபைல் சிஸ்டத்தை நன்றாகச் சோதித்துவிட்டோம். எழுதி முடித்ததும் செக்சம் பார்த்தோம், ஒத்துப்போனது." செக்சம் என்றால் ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்.

இந்த வரியை நான் கேட்பது இந்த வருஷத்தில் மூன்றாவது முறை. பொறுமை போய்விட்டது.

எழுதிய கையோடு படித்தால் கர்னல் (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) டிஸ்க்கைத் தொடுவதே இல்லை. நீங்கள் எழுதியது பேஜ் கேஷில், அதாவது ரேமில் இருக்கிறது. அங்கிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். கணக்குப்பிள்ளையிடம் ஒரு தொகையைச் சொல்லிப் பேரேட்டில் எழுதச் சொல்கிறீர்கள். உடனே "எவ்வளவு சொன்னேன்?" என்று கேட்டால் சரியாகத்தான் சொல்வார். பேரேட்டில் எந்தப் பக்கத்தில், யார் கணக்கில் எழுதினார் என்பது பேரேட்டைத் திறந்தால்தானே தெரியும்? இவர்கள் சோதித்த கணினியில் 32 ஜிபி ரேம். 6 ஜிபி ஃபைல் முழுசாக அதிலேயே உட்கார்ந்துகொண்டது. செக்சம் ஆயிரம் தடவை பார்த்தாலும் ஆயிரம் தடவையும் ஒத்துப்போகும். பெட்டியில் இருந்ததோ 1 ஜிபி ரேம், அங்கே டிஸ்க்கிலிருந்து படித்தே ஆக வேண்டும்.

"எஃப்சிங்க் போட்டோமே" என்பார்கள். ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதவைக்கும் அழைப்பு அது. போட்டீர்கள், சரி. தப்பான இடத்தில் பத்திரமாக எழுதிவிட்டு அது வெற்றி என்று சொல்லிவிட்டது.

பிழை ஒரே வரியில் இருந்தது. ஆஃப்செட்டை (ஃபைலில் எத்தனையாவது பைட் என்ற எண்ணை) 4096இன் மடங்குக்கு இறக்க, 4095இன் பிட்களைப் புரட்டி மாஸ்க்காக (எந்தப் பிட்களை வைத்துக்கொள்வது என்று சொல்லும் எண்ணாக) வைத்திருந்தார்கள். பல வருஷம் ஒழுங்காக ஓடிய வரி. பிளாக் (டிஸ்க்கில் எழுதும் துண்டு, இங்கே 4096 பைட்) அளவு மைனஸில் போகவா போகிறது என்று யாரோ நல்லெண்ணத்தோடு இன்ட்டை (மைனஸும் கொள்ளும் முழு எண் டைப்) அன்சைன்ட் இன்ட் (மைனஸ் இல்லாதது) ஆக்கியிருக்கிறார். ஆஃப்செட் 64 பிட், மாஸ்க் 32 பிட். இன்ட்டாக இருந்தவரை நீட்டும்போது மேல் பாதி ஒன்றுகளால் நிரம்பியது. அன்சைன்ட் ஆனதும் பூஜ்யங்கள்; அவை ஆஃப்செட்டின் மேல் பாதியை அழித்துவிட்டன. 500 கோடியாவது பைட் 499,99,99,488இல் போய் நிற்க வேண்டும். போய் நின்ற இடம் 70,50,32,192. 4 ஜிபியைத் தாண்டிய எல்லாமே ஃபைலின் தலையில் போய் விழுந்தது.

கேஷில் எந்தப் பேஜ் (ரேமின் ஒரு துண்டு) என்பதை ரைட் ஷிஃப்ட்டால் (பிட்களை வலப்பக்கம் நகர்த்தி) கணக்கிட்டார்கள், அதில் குறையில்லை. டிஸ்க்கில் எந்த பிளாக் என்பதற்குத்தான் இந்த மாஸ்க். அதனால்தான் கேஷ் சரி, டிஸ்க் தப்பு. எனக்குத் துப்புக் கொடுத்தது டியூ கட்டளை. ஃபைலின் அளவைக் காட்டும் எல்எஸ் 6 ஜிபி என்றது, டிஸ்க்கில் உண்மையில் பிடித்த இடத்தைக் காட்டும் டியூ 4 ஜிபியோடு நின்றது. 24 மணி நேரத்தில் 16 மணி நேரத்துக்குத்தான் இடம் இருந்திருக்கிறது.

தயவுசெய்து மாஸ்க்கைக் கையால் போடாதீர்கள். கர்னலின் ரவுண்ட் டவுன் மேக்ரோ, மாஸ்க்கை ஆஃப்செட்டின் டைப்புக்கு மாற்றிய பிறகே புரட்டும். அதற்காகத்தான் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். சோதிக்கும்போது சிங்க் செய்து, அன்மவுன்ட் செய்து, மறுபடி மவுன்ட் செய்த பிறகு படியுங்கள், அப்போதுதான் கேஷ் காலியாகி டிஸ்க்கிலிருந்து வரும். டிராப் கேஷஸ் (கேஷைக் காலிசெய்யும் கர்னல் வசதி) போதும் என்று நினைப்பவர்களுக்கு: அது டர்ட்டி பேஜை (இன்னும் டிஸ்க்குக்குப் போகாத பேஜை) தொடாது, முதலில் சிங்க் வேண்டும். 6 ஜிபி எழுதக்கூட வேண்டாம். ஃபைலின் தொடக்கத்தில் ஓர் எழுத்து, சிங்க், சரியாக 4 ஜிபியில் வேறோர் எழுத்து, ரீமவுன்ட், தொடக்கத்தைப் படியுங்கள். இரண்டு நிமிஷ வேலை. ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் எஃப்எஸ்எக்ஸ் கருவியை ஓட்டினோம் என்பவர்கள், எந்த ஃபைல் அளவில் ஓட்டினீர்கள் என்பதையும் பாருங்கள். சின்ன ஃபைலிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் இந்தப் பிழை அதில் சிக்காது.

பேஜ் என்றால் 4096தான் என்று எழுதி வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ராஸ்பெரி பை 5இல் அதன் சொந்த ஓஎஸ் கர்னல் 16 கேபி பேஜோடுதான் வருகிறது. ஆர்ம் 64இல் 64 கேபியும் உண்டு. பிளாக் அளவும் பேஜ் அளவும் ஒன்றாக இருப்பது உங்கள் மேஜையில் உள்ள கணினியின் தற்செயல்.

திருத்தம் அரை வரிதான். ஆனால் ஏற்கெனவே பதிவானது திரும்பாது. நள்ளிரவு முதல் காலை 8 மணி வரையிலான காட்சியின் மேல் சாயங்காலம் எழுதப்பட்டுவிட்டது. எல்எஸ்ஸும் டியூவும் ஒத்துப்போகாத ஃபைல்களைப் பட்டியலிட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். முதல் பெட்டியில் ஓட்டியபோது, கேமரா நிறுத்தப்பட்டிருந்த இரண்டு நாட்களைத் தவிர அந்த மாதம் முழுக்கப் பட்டியலில் வந்தது.