கடைசி நாற்பதாயிரமும் ஒரு ஆல்-இன்னும்

"பத்து பிளைண்டுக்குக் கீழ போயிட்டா ரொம்ப யோசிக்கக் கூடாது டாக்டர். ஆல்-இன், இல்லேன்னா ஃபோல்டு. இது கணக்கு."

முப்பதைத் தொடாத ஐ.டி. ஊழியர் ஒருவர், அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எனக்கு இப்படிப் பாடம் எடுத்தார். (ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) போக்கர் சீட்டாட்டத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். (பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே கட்ட வேண்டிய கட்டாயப் பந்தயம்; ஆல்-இன் என்றால் கையில் உள்ள சிப்ஸ், அதாவது ஆட்டக் காசு, முழுவதையும் பந்தயம் வைப்பது; ஃபோல்டு என்றால் சீட்டை மடக்கி விலகுவது.) ஆன்லைன் போக்கர், ரம்மி என்று சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டே எனக்கும் ஆட்டம் ஓரளவு பிடிபட்டுவிட்டது.

போக்கரில் ஹெட்ஸ்-அப் என்றால் மேசையில் இருவர் மட்டும். ஒவ்வொரு முறை சீட்டுப் போடும்போதும் ஒருவர் ஸ்மால் பிளைண்ட் (சிறிய கட்டாயப் பந்தயம்), மற்றவர் பிக் பிளைண்ட் (பெரியது) கட்டியே ஆக வேண்டும். டோர்னமெண்டில் அந்தத் தொகை சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஏறும். ஒன்பது பேர் மேசையில் நல்ல சீட்டு வரும்வரை காத்திருக்கலாம். இங்கே சும்மா இருந்தாலே சிப்ஸ் கரையும். பத்து பிக் பிளைண்ட்தான் மிச்சம் என்றால், ஸ்மால் பிளைண்டில் இருப்பவர் தனக்கு வரும் கைகளில் பாதிக்கு மேல் ஆல்-இன் போகலாம் என்பதே கணிதம் சொல்லும் வழி. எதிராளி பெரும்பாலும் பயந்து மடக்கிவிடுவார். மடக்காவிட்டாலும், மிக நல்ல சீட்டான ஏஸ்-கிங்கை மிக மோசமான ஏழு-இரண்டு ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை தோற்கடிக்கும்.

ஆனால் சிப்ஸுக்கு அந்த மேசையைத் தாண்டி வேறு உபயோகம் கிடையாது. எல்லாம் போனாலும், மறுபடி பணம் கட்டி சிப்ஸ் வாங்கும் 'ரீ-பை' எடுக்காதவரை, நஷ்டம் நுழைவுக் கட்டணத்தோடு நின்றுவிடும். அதனால்தான் அந்தத் துணிச்சல் அங்கே செல்லுபடியாகிறது.

அவர் கணக்கில் ஒருநாள் நாற்பதாயிரம் மிச்சம் இருந்திருக்கிறது. "எப்படியும் இ.எம்.ஐ.யில போயிடும், அதுக்குள்ள டபுள் பண்ணிடலாம்னு தோணுச்சு." இரவு இரண்டரை மணி. சம்பளப் பணம் அவர் கண்ணுக்கு ஷார்ட் ஸ்டாக்காக, கரையப் போகும் கடைசிச் சிப்ஸாகத் தெரிந்திருக்கிறது! வாடகையும் மளிகையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஏறுவதில்லை. அதன்பிறகு அவர் வாங்கிய லோன் ஆப் கடன்தான் நிஜமாகவே ஏறும் பிளைண்ட்.

"இது திறமை ஆட்டம்" என்று எல்லோருமே சொல்வார்கள். திறமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 80 சதவீத வாய்ப்போடு ஐந்து முறை ஆல்-இன் போனால், ஐந்திலும் ஜெயிக்க வாய்ப்பு 33 சதவீதம்தான். ஆட்டத்தை நடத்தும் தளத்தின் கமிஷன் வேறு. இருவரும் ஆளுக்கு 1,050 ரூபாய் கட்டி, ஜெயித்தவருக்கு 2,000 கிடைக்கிறது என்று வையுங்கள். கைக்காசு போகாமல் இருக்கவே நூற்றுக்கு 52.5 ஆட்டம் ஜெயிக்க வேண்டும். சமபலம் உள்ள இருவர் ஆடிக்கொண்டே இருந்தால் இருவருமே தோற்பார்கள்.

ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை நற்சான்றிதழ் மாதிரி கொண்டுவந்தவர்கள் உண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் ஆன்லைன் பண விளையாட்டுகளையே தடை செய்கிறது. சட்டம் வந்த வேகத்தில் ஆசை போய்விடுமா என்ன? வெளிநாட்டுத் தளங்களைத் தேடுகிறவர்களையும் பார்க்கிறேன்.

விட்டதைப் பிடிக்க மறுபடி ஆடுவது, இழப்பை வீட்டில் மறைப்பது, கடனை அடைக்க அடுத்தவரிடம் கையேந்துவது எல்லாம் சூதாட்ட நோயின் அறிகுறிகள். முதல் நாளே நான் தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேராகக் கேட்டுவிடுவேன். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ராத்திரியில் தவிப்பவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அப்புறம், சில மாதங்களுக்கு வங்கி ஆப்பும் யு.பி.ஐ.யும் வீட்டில் வேறொருவர் கைக்குப் போக வேண்டும்.

கிளம்பும்போது அக்கா கேட்டார்: "என் நகையை வச்சு மொத்தக் கடனையும் இன்னைக்கே அடைச்சிடட்டுமா டாக்டர்?"

நான் வாய் திறப்பதற்குள் தம்பி தலையைக் குனிந்தபடியே சொன்னார்: "வேணாம்க்கா. அது ரீ-பை."

கடன்களை ஒரு தாளில் எழுதச் சொல்லி, பேனாவை அக்காவிடம் கொடுத்தேன்.