வேப்பங்கட்டைதானே டாக்டர்?

போன கோடையில் மதுரை வில்லாபுரத்திலிருந்து ஒரு பெரியவர் காக்டெயில் என்கிற கொண்டை வைத்த சின்னக் கிளி ஒன்றைச் செருப்பு டப்பாவில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். இறகை உப்பிக்கொண்டு கண்ணைப் பாதி மூடி மூலையில் சாய்ந்து கிடந்தது, காலில் பலமே இல்லை, எச்சம் கரும்பச்சையாகத் தண்ணீர் மாதிரி. கூண்டுக்குள் புதிதாக என்ன வைத்தீர்கள் என்று கேட்டேன். பறவை கொண்டுவருகிற எல்லாரிடமும் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பேத்திக்காகத் தன் கையால் இழைத்துச் செய்த ஊஞ்சலைப் பையிலிருந்து எடுத்தார். "வேப்பங்கட்டைதானே டாக்டர், வேம்புல என்ன விஷம் இருக்கப்போகுது?"

வேம்பில் ஒன்றுமில்லைதான். ஆனால் அந்தக் கட்டை, இடித்த வீட்டு ஜன்னல் சட்டத்தில் அறுத்தது. மூன்று பக்கம் நன்றாக இழைத்திருந்தார், நாலாவது பக்கத்துப் பச்சை பெயிண்டை மட்டும் பார்க்க அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டார். அந்தப் பக்கத்தில்தான் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கொறித்த தடம். எக்ஸ்ரேயில் அரைவைப் பைக்குள் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். ஈயம்! நம் நாட்டில் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான், அதற்கு முன்னால் அடித்த பெயிண்டை நம்பவே முடியாது. காக்டெயிலின் எடை 90 கிராம் சொச்சம், அந்த உடம்புக்கு ஒரு துணுக்கே தாராளம். ஈயத்தை உடம்பிலிருந்து இழுத்து வெளியேற்றுகிற ஊசியைத் தொடர்ந்து போட்டோம், நாலாவது நாள்தான் கம்பைப் பிடித்து நின்றது.

அதனால்தான், கூண்டுக்கு ஊஞ்சல் செய்ய என்ன மரம் என்று கேட்பவர்களிடம் எங்கே கிடைத்த மரம் என்று திருப்பிக் கேட்கிறேன்.

மரத்தைப் பொறுத்தவரை கொய்யா, வேம்பு, சவுக்கு, மூங்கில் போதும். லவ்பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் பட்ஜிக்கு முருங்கைக் குச்சி மெத்தென்று கொறிக்க நன்றாக இருக்கும். அரளியைத் தொடவே தொடாதீர்கள். நாலுவழிச் சாலையின் நடுவில் வரிசையாகப் பூத்து நிற்கிறதே அதேதான், வீட்டு வாசலில் நிற்கிற மஞ்சள் அரளியும் சேர்த்தி. பட்டை, இலை எல்லாமே இதயத்தைத் தாக்கும், டப்பாவில் வைத்துக் கொண்டுவருவதற்குக்கூட நேரம் இருக்காது. எருக்கும் ஆமணக்கும் வேண்டாம். கொய்யாவே ஆனாலும் தோட்டத்தில் போன வாரம் மருந்து அடித்தார்களா என்று கேட்டுவிட்டு ஒடியுங்கள், மல்லிகைத் தோட்டத்து வேலியோரக் குச்சிக்கும் இதே கதைதான்.

தச்சுப் பட்டறையில் சும்மா கிடைக்கிற துண்டுகளில் பாதி ப்ளைவுட், மீதி எம்டிஎஃப் என்கிற மரத்தூள் பலகை, இரண்டிலுமே பசை. வார்னிஷ் அடித்த தேக்கும் ஆகாது. பேக்கிங் பலகை எடுத்தால் முத்திரையைப் பாருங்கள்: எச்டி (HT) என்றிருந்தால் சூடுபடுத்தியது, எம்பி (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு விஷப்புகை போட்டது, அது வேண்டாம். எச்டி என்றாலும் எண்ணெய்க் கறை, ரசாயன வாடை இருந்தால் அடுப்புக்குக்கூட வேண்டாம்.

கட்டையை விட அதைத் தொங்கவிடுகிற கம்பியால் வருகிற கேஸ்கள்தான் எனக்கு அதிகம். பளபளவென்ற ஜிஐ கம்பியில் துத்தநாகப் பூச்சு, அதுவும் விஷம்தான், பறவை நாள் முழுக்க அதைத்தான் நக்கிக்கொண்டிருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கி வாங்குங்கள், விலையும் ஒன்றும் பெரிதில்லை. பிரிந்து தொங்குகிற நூல் கயிறு நகத்தில் சுற்றினால் விரலே போய்விடும், அதையும் கத்தரித்துவிடுங்கள்.

ஒடித்த குச்சியில் காக்கை, மைனா எச்சம் இருக்கும். வெறும் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து மொட்டைமாடியில் காயப்போடுங்கள், மதுரை வெயிலுக்கு நாலைந்து நாள் போதும். சோப்பு, டெட்டால் எதுவும் வேண்டாம். (பச்சைக்கிளிக்கு ஊஞ்சல் செய்ய யோசனை கேட்டும் சிலர் வருகிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம், அப்புறம் எங்கே ஊஞ்சல்!)

மரமே வேண்டாம் என்றால் சாயம் போடாத பனையோலைக் கிலுகிலுப்பை இருக்கிறது. உள்ளே இருக்கிற கல்லை எடுத்துவிட்டுக் கட்டுங்கள். வில்லாபுரத்துப் பெரியவர் இப்போது தன் கையாலேயே ஓலை முடைகிறார். அரை மணி நேரத்தில் அதை நார் நாராகக் கிழித்துப் போட்டுவிட்டு, காக்டெயில் அடுத்ததற்குக் கத்துகிறதாம்.