நபர் வேறு, பதவி வேறு, பதவிக்காலம் வேறு

அரசுத் துறைகளைப் பற்றிய தரவுத் தொகுப்புகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் கோளாறு இது: துறைக்கான வரியிலேயே 'செயலர்' என்று ஒரு கட்டம், அதில் ஒரு பெயர். ஆள் மாறினால் பழைய பெயரை அழித்துவிட்டுப் புதியதை எழுதிவிடுகிறார்கள். இரண்டு ஆண்டுக்கு முந்தைய உத்தரவில் கையெழுத்திட்டவர் யார் என்று பொதுமக்கள் கேட்டால் சொல்ல வழியில்லை. அழிந்தது பெயர் மட்டுமல்ல, பொறுப்புக்கூறலும்தான்.

ஆகவே எந்தத் தரவுச் சொற்றொகுதியை (தரவின் வகைகளுக்கும் புலங்களுக்கும் பொதுப் பெயர் வகுக்கும் தரநிலையை) எடுத்தாலும், நபர், பதவி, பதவிக்காலம் மூன்றையும் அது தனித்தனியாக வைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி 2014-இல் பரிந்துரையாக வெளியிட்ட 'ஆர்க்' ஆன்டாலஜி, அமைப்புகளை விவரிக்கும் சொற்றொகுதி. அதில் 'போஸ்ட்' (பதவி) என்பது ஆள் இல்லாமல் காலியாக இருந்தாலும் நிற்கும். 'மெம்பர்ஷிப்' (உறுப்பினர் பதிவு) நபரையும் அமைப்பையும் பொறுப்பையும் கால அளவோடு சேர்க்கும். ஆனால் இந்த இரண்டையும் நேரே இணைக்கும் பண்பு, அதாவது தொடர்புப் புலம், அதில் இல்லை. நபரைப் பதவியோடு சேர்க்கும் 'ஹோல்ட்ஸ்' பண்பில் தேதி வைக்கவும் இடமில்லை. அதை மட்டும் நம்பினால் பதவிக்காலம் போய்விடும். அரசு, சட்டமன்றத் தரவுக்கான 'போப்போலோ' தரநிலையில் உறுப்பினர் பதிவே பதவியையும் சுட்டும், எந்தக் கட்சியின் சார்பில் என்பதையும் சுட்டும். சட்டமன்ற உறுப்பினர் தரவுக்கு இதையே பரிந்துரைப்பேன். இணையப் பக்கங்களைக் குறியிடப் பயன்படும் 'ஸ்கீமா.ஆர்க்' சொற்றொகுதி, தேடுபொறிக்குக் காட்டும் பக்கத்துக்குப் போதும். மூலத் தரவை அதில் வைக்க வேண்டாம்.

தேதியில் நேர்மை வேண்டும். மாதம்தான் தெரியும் என்றால் 2019-05 என்றே எழுதுங்கள்; போப்போலோ அதை ஏற்கும். நாள் தெரியாமல் 01 சேர்த்தால், அன்றைக்குத்தான் பதவியேற்றார் என்று அடுத்தவர் நம்பிவிடுவார். முடிவுத் தேதி வெறுமையாக இருந்தால் 'இன்னும் தொடர்கிறார்' என்றும் கொள்ளலாம், 'தெரியவில்லை' என்றும் கொள்ளலாம். கடைசியாகச் சரிபார்த்த தேதிக்கு ஒரு புலம் வைத்தால் இந்தக் குழப்பம் குறையும். கூடுதல் பொறுப்பு வகிப்பவரை முழுநேரப் பதவியாளராகப் பதிவதும் பெரும் தவறு. அதற்குத் தனிப் பொறுப்பு வகை தேவை.

துறைகள் இணையும்போதும் பிரியும்போதும்தான் சிக்கல் அதிகம். பெயர் மட்டும் மாறினால் அடையாள எண் அதேதான். பழைய பெயரைத் தேதியோடு மாற்றுப் பெயராக வையுங்கள். அதிகாரமும் பணியும் மாறியிருந்தால் பழைய பதிவை முடிவுத் தேதியோடு மூடி, புதிய எண் கொடுத்து, 'ஆர்க்'கின் 'சேஞ்ச்ஈவென்ட்' (மாற்ற நிகழ்வு) வழியே இரண்டையும் கோக்க வேண்டும்.

யாரும் திருத்தக்கூடிய திறந்த தரவுத்தளமான விக்கித்தரவில் 'வகித்த பதவி'யைக் குறிக்கும் பி39 பண்பு, தொடக்கத் தேதிக்கு பி580, முடிவுத் தேதிக்கு பி582 என்ற துணைப் பண்புகளோடு, வெளித்தரவுடன் ஒப்பிட மிகவும் உதவும். ஒரு நபருக்கோ பதவிக்கோ விக்கித்தரவு தரும் பதிவு எண்ணை இணைப்பு அடையாளமாகச் சேமியுங்கள், முதன்மை அடையாளமாக அல்ல: அங்கே இரண்டு பதிவுகள் ஒன்றாக இணைக்கப்பட்டால் நீங்கள் சேமித்த எண் வேறொன்றுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கும்.