வீட்டு லேத்துக்கு சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா?

ஒரு எச்.பி. என்றால் எந்த மோட்டாரிலும் 746 வாட்தான். ஆனால் அந்தச் சக்தி தண்டுக்கு வந்து சேரும் விதம் வேறு.

த்ரீ பேஸ் மோட்டாரில் மூன்று பேஸின் மின்னோட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்தைத் தொடும். அதனால் உள்ளே காந்தப்புலம் தானாகவே வட்டமடிக்கும், சுழலும் பாகமான ரோட்டர் அதைத் துரத்திக்கொண்டு ஓடும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், நான்கு போல் (காந்த முனை) மோட்டாரின் புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றும். லோடில் ரோட்டர் கொஞ்சம் பின்தங்கி 1440 அளவில் ஓடும். எதிர்த்திசையில் ஓட வேண்டுமா? ஏதாவது இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தால் போதும்.

சிங்கிள் பேஸில் புலம் சுற்றாது, நின்ற இடத்திலேயே கூடிக் குறையும். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் ரோட்டர் 'ம்ம்ம்' என்று உறுமிக்கொண்டு நிற்கும். அதைக் கிளப்பிவிடத்தான் இன்னொரு வைண்டிங்கும் (கம்பிச்சுருள்) கண்டன்சரும். பல மோட்டார்களில் வேகம் முக்கால்வாசியை எட்டியதும் உள்ளே ஒரு சுவிட்ச் அந்த வைண்டிங்கைத் துண்டித்துவிடும். அடிக்கடி நிறுத்திக் கிளப்பும் மெஷினில் முதலில் சாகிறது பெரும்பாலும் இந்தச் சுவிட்சோ கண்டன்சரோதான்.

அப்புறம், சிங்கிள் பேஸில் சக்தி நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கிரைண்டரிலும் டிரில்லிங் மெஷினிலும் அது ஒரு பொருட்டே இல்லை, சிங்கிள் பேஸே போதும். லேத்தில் மெல்லிசாகச் சீவும்போது அந்த அதிர்வு வேலைப்பரப்பில் வரிவரியாகத் தெரியலாம். லேத்துக்கு நான் த்ரீ பேஸைத்தான் சொல்வேன்.

வீட்டுக்கு த்ரீ பேஸ் சர்வீஸ் இருந்தால் நேரடியாகக் கொடுக்கலாம். ஒரு பேஸ் போனால் வைண்டிங் கருகிவிடும் என்பதால், அப்போது மோட்டாரை நிறுத்திவிடும் பிரிவென்டர் அவசியம். சர்வீஸ் இல்லையென்றால் வி.எஃப்.டி. டிரைவ் இருக்கிறது. 230 வோல்ட் சிங்கிள் பேஸை வாங்கி த்ரீ பேஸாக மாற்றித் தரும், வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். வேகத்தை ரொம்பக் குறைத்து நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகி, சூடு ஏறும்.

வாங்கும் இடத்தில் கவனிக்க வேண்டியது இதுதான்: இந்த டிரைவிலிருந்து வெளியே வருவதும் 230 வோல்ட்தான். நம் ஊரில் கிடைக்கும் சின்ன த்ரீ பேஸ் மோட்டார்களோ பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் (மூன்று வைண்டிங்கிலும் ஒவ்வொரு முனையை எடுத்து ஒன்றாக முடிச்சிட்டு) கட்டியவை. அப்படியே இணைத்தால் இழுவை வராது. ஸ்டாரில் ஒவ்வொரு வைண்டிங்குக்கும் கிடைப்பது 240 வோல்ட்தான் என்பதால், அதே மோட்டாரை டெல்டாவாக (மூன்று வைண்டிங்கையும் முனையோடு முனை சேர்த்து முக்கோணமாக) மாற்றினால் சரியாகப் பொருந்தும். அதற்கு டெர்மினல் பெட்டியில் ஆறு முனைகளும் வெளியே வந்திருக்க வேண்டும். மூன்றே ஒயர் இருந்தால், வைண்டிங் கடைக்காரர் மோட்டாரைத் திறந்து உள்ளே முடிச்சிட்ட ஸ்டார் இணைப்பைப் பிரித்து எடுக்க வேண்டியிருக்கும். டெல்டாவில் கரன்ட் சுமார் 1.7 மடங்கு ஆகும். டிரைவின் ஆம்பியரை அந்தக் கணக்குப்படி பார்த்து வாங்குங்கள்.