மறியலில் முதல் இரண்டு கிழமை

"என்ட புள்ளய எங்க சேர் கொண்டு போறாங்க? அடிப்பாங்களா? சாப்பாடு குடுப்பாங்களா?"

விளக்கமறியல் என்று நீதவான் கட்டளையிட்டதும் நீதிமன்ற வளவில் தாய்மார் என்னிடம் கேட்பது இதைத்தான். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வழக்குப் பேசும் சட்டத்தரணி நான். அடுத்த வழக்குக்குக் கூப்பிடும் அவசரத்தில் ஆறுதலாக நின்று பதில் சொல்ல முடிவதில்லை. ஆனால் ஒரு குடும்பம் நகையை அடகு வைப்பதும், முன்பின் தெரியாதவனிடம் காசைக் கொடுத்து ஏமாறுவதும் பெரும்பாலும் இந்த முதல் இரண்டு கிழமைக்குள்தான்.

விளக்கமறியல் தண்டனை இல்லை, தீர்ப்பு வரும்வரை சிறையில் தடுத்து வைப்பதுதான். சாதாரண வழக்கில் பொலிஸார் கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். பிணை கிடைக்காவிட்டால் பெரும்பாலும் 14 நாள் தவணை போடுவார்கள். அது முடிய மறுபடி ஒரு தவணை போடவும் கூடும். நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் அரைவாசிக்கு மேற்பட்டவர்கள் இப்படித் தீர்ப்புக்காகக் காத்திருப்பவர்கள்தான். மகன் உள்ளே போனதும் ஊர் அவனைக் குற்றவாளி என்று முடிவுகட்டிவிடும். வீட்டார் அப்படி முடிவெடுக்க வேண்டாம்.

சிறை வாசலில் சோதனை போட்டு, கையிலிருக்கும் பொருட்களைப் பதிந்து வாங்கி வைப்பார்கள். விளக்கமறியல் கைதி சொந்த உடுப்பு உடுக்கலாம். சாப்பாடு அரசாங்கம் கொடுக்கும். இடம் போதாது என்பது உண்மை. முதல் சில இரவுகள் நித்திரை இருக்காது. சீனி வருத்தம், வலிப்பு, தொய்வு என்று ஏதாவது இருந்தால் அடுத்த நாளே கிளினிக் கொப்பியையும் மருந்துச் சிட்டையையும் கொண்டுபோய் வாசலில் அதிகாரியிடம் காட்டுங்கள். வைத்தியருக்குத் தெரியப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள்.

போதைப்பொருளை வெட்கத்தில் மறைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. ஹெரோயின் பாவித்தவருக்கு அது நின்றதும் வாந்தி, வயிற்றோட்டம், உடல் உளைச்சல் வரும். ஐஸ் பாவித்தவர் நாட்கணக்கில் தூங்கலாம், பிறகு மனம் உடைந்து தன்னையே மாய்த்துக்கொள்ள நினைக்கலாம். அதிகாரிகளுக்கு முதலே தெரிந்தால் கவனிக்க முடியும். "என்ட மகன் அப்படிப்பட்டவன் இல்ல" என்று சொல்லி அவன் உயிரோடு விளையாடாதீர்கள், அம்மா.

பார்க்கப் போகும்போது அடையாள அட்டை கட்டாயம். எந்த நாள், எத்தனை மணி, என்ன சாமான் கொடுக்கலாம் என்பதை வாசலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சந்திப்பு சில நிமிடம்தான். பக்கத்தில் பத்துப் பேர் கத்திக் கதைப்பார்கள். அழுது முடிக்கவே நேரம் சரியாகிவிடும் என்பதால், கேட்க வேண்டியதைத் துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்: மருந்து கிடைக்கிறதா, யாராவது அடித்தார்களா, யாருக்குக் கடன் கொடுக்க இருக்கிறது. வேறொரு கைதிக்குக் கொடுக்கும்படி வாசலில் யாராவது நீட்டும் பார்சலைத் தொடவே வேண்டாம். அதற்குள் தொலைபேசியோ தூளோ இருந்தால் அடுத்த வழக்கு உங்கள் பெயரில்தான்.

அடித்திருந்தால் காயத்தைத் தவணை நாளில் சட்டத்தரணி மூலம் நீதவானுக்குக் காட்டலாம். சித்திரவதையைக் குற்றமாக்கும் 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகங்கள் உண்டு. 1996 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

இனி காசு. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டப்படி பிணை கொடுப்பதே பொது விதி, மறுப்பது விதிவிலக்கு. ஆனால் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட போதைப்பொருள் போன்ற சில வழக்குகளில் நீதவானால் பிணை கொடுக்க முடியாது, மேலுள்ள நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இது தெரியாத குடும்பத்திடம்தான் "நாளைக்கே எடுத்துத் தாறன், ஐயாவைத் தெரியும்" என்று தரகர் வருவார். கொடுக்காதீர்கள். நீதிமன்றத்தில் கட்டும் காசுக்குப் பற்றுச்சீட்டு உண்டு. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு வருமானத்தைப் பார்த்து இலவசமாக வழக்குப் பேசும். அதற்கும் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நிலையங்கள் இருக்கின்றன. கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழையும், பிணை நிற்க ஒத்துக்கொண்ட இரண்டு பேரையும் தவணைக்கு முன்பே தயார்படுத்துங்கள். ஆள் தலைமறைவானால் பிணைப் பணம் தங்கள் தலையில் விழும் என்பதைப் பிணையாளிகளுக்கு மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் "அப்பா வெளிநாடு போயிட்டார்" என்று சொல்வது நம் பக்கத்து வழக்கம். பள்ளிக்கூடத்தில் மறுநாளே யாராவது உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அதன் பிறகு பிள்ளை தாயையும் நம்பாது. "அப்பா மறியலில இருக்கிறார், வழக்கு நடக்குது, நான் உன்னோடதான் இருக்கிறன்" என்று சொன்னால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

தண்டப்பணம் கட்ட முடியாமல் உள்ளே போனவர்களின் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முழுத் தொகையையும் கட்டினால் அன்றே வெளியே வரலாம். ஒரு பகுதியைக் கட்டினால் அந்த அளவுக்கு நாட்கள் குறையும். ஏற்கெனவே இருந்த நாட்களும் கணக்கில் கழியும். வட்டிக்குக் கடன் வாங்கும் முன், இன்றைய திகதியில் எவ்வளவு மிச்சம் என்று சிறைச்சாலை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள்.